இமை எவ்வளவு திறந்திருக்கிறது? கமரா அளக்கும் விதமும் தவறும் இடங்களும்

கண்ணசைவை மட்டும் கொண்டு கணினியை இயக்கும் கருவிகள் இன்று பல வடிவங்களில் வந்துவிட்டன. கழுத்துப் பகுதியில் முள்ளந்தண்டு காயப்பட்டுக் கைகால் இயங்காதவர்களும் பாரிசவாதத்தால் பேச்சை இழந்தவர்களும் இவற்றின் உதவியுடன் எழுதுகிறார்கள். இக்கருவிகளை விளக்குவோர் பெரும்பாலும் பார்வை எங்கே செல்கிறது என்பதைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் அதற்கு முன்பே கருவி அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அது இமை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதாகும்.

பார்வைத் திசையைக் கணிக்கும் கமரா, கண்மணியின் நடுப்புள்ளியைத் தேடுகிறது. மேலிமை சற்றுத் தாழ்ந்து கண்மணியின் மேற்பகுதியை மறைத்தால், வெளியே தெரியும் பகுதியின் நடுப்புள்ளி கீழே இறங்கிவிடும். ஆள் நேரே பார்த்துக்கொண்டிருப்பார். கருவியோ அவர் கீழே பார்ப்பதாகச் சொல்லும். களைத்த நோயாளி பிற்பகலில் தட்டும் எழுத்துகள் பிழைத்துப்போக இதுவும் ஒரு காரணம்.

இமைத் திறப்பை அளக்கும் முறைகளில் பரவலாகப் பயன்படுவது 2016ஆம் ஆண்டு பிராக் நகரிலுள்ள செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெரெசா சௌகுபோவா, யான் செக் ஆகிய இருவரும் முன்வைத்த விகிதமாகும். மென்பொருள் ஒவ்வொரு கண்ணைச் சுற்றியும் ஆறு புள்ளிகளைக் குறிக்கும். கண்ணின் இரு மூலைகளிலும் ஒவ்வொன்று, மேலிமையில் இரண்டு, கீழிமையில் இரண்டு. மேல் கீழ் இமைகளுக்கு இடையிலான இரு உயரங்களையும் கூட்டி, கண்ணின் அகலத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். அகலம் 30 படப்புள்ளி, உயரங்கள் ஒவ்வொன்றும் 9 படப்புள்ளி என்றால் 18ஐ 60ஆல் வகுக்க 0.3 வரும். கண் மூடும்போது இது பூச்சியத்தை நோக்கி இறங்கும். மில்லிமீற்றரில் அளக்காமல் விகிதமாக எடுப்பதால், முகம் கமராவுக்கு அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் விடை பெரிதாக மாறாது. இந்த முறையின் அழகு அதுதான்.

இடர்ப்பாடும் அங்கேயே இருக்கிறது. அதே கண் தொலைவில் 10 படப்புள்ளி அகலமாகவும் 3 படப்புள்ளி உயரமாகவும் விழுந்தால், உயரத்தில் ஒரு புள்ளி பிழைத்தாலே அளவு மூன்றில் ஒரு பங்கு மாறிவிடும். முகம் பக்கவாட்டில் திரும்பினால் அகலம் சுருங்கி, பாதி மூடிய கண்ணும் திறந்ததாகத் தோன்றும். கீழே குனிந்து வாசிப்பவரின் மேலிமை பார்வையோடு சேர்ந்து இறங்குவதால் அவர் தூங்குவதாகக் கணக்கிடப்படலாம்.

ஒற்றைப் படத்தை நம்ப முடியாது என்பதை அந்த இரு ஆய்வாளர்களும் உணர்ந்திருந்தனர். எனவே முன்னும் பின்னும் ஆறு படங்கள் சேர்த்துப் பதின்மூன்று படங்களின் போக்கைப் பார்த்தே இமைப்பா இல்லையா என்று தீர்மானித்தனர். இயல்பான இமைப்பு ஏறத்தாழ 0.1 முதல் 0.4 செக்கன் வரை நீடிக்கும். செக்கனுக்கு 30 படம் எடுக்கும் சாதாரண கமராவில் இது 3 முதல் 12 படங்கள்தான்.

சாரதிகளின் தூக்கக் கலக்கத்தைக் கண்டறியும் முறையும் நேரத்தையே நம்புகிறது. கண்மணியில் 80 வீதமோ அதற்கு மேலோ இமையால் மூடப்பட்டிருந்த நேரம் மொத்த நேரத்தில் எத்தனை வீதம் என்ற அளவுகோல் 1990களில் அமெரிக்காவில் உருவானது. வேகமான இமைப்புகளை விட்டுவிட்டு, மெல்லச் சரியும் இமைகளையே அது கணக்கெடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய வாகனங்கள் அனைத்திலும் தூக்க எச்சரிக்கை வசதி கட்டாயம். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் இரவிரவாக ஓடும் பஸ்களுக்கும் இப்படியொன்று இருந்தால் பயணிகள் சற்று நிம்மதியாகக் கண்ணயரலாம்.

யாருடைய கண்ணை 'இயல்பு' என்று கருவி எடுத்துக்கொள்கிறது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. 2016இல் நியூசிலாந்தில் ஆசிய வம்சாவளி இளைஞர் ஒருவர் கடவுச்சீட்டுக்காக இணையவழி அனுப்பிய படத்தை, கண்கள் மூடியிருப்பதாகக் கூறித் தானியங்கி முறைமை நிராகரித்தது. அவர் கண்கள் திறந்தே இருந்தன. கண்ணில் விழுந்த நிழலே காரணம் என்று அதிகாரிகள் விளக்கமளித்தனர். காரணம் எதுவாயினும், 0.2க்குக் கீழே மூடியது, மேலே திறந்தது என எல்லோருக்கும் ஒரே கோடு கீறுவது சரிவராது என்பது தெளிவு.

போரில் காயப்பட்டவர்களைப் பொறுத்தவரை இது இன்னும் கூர்மையாகிறது. எறிகணைச் சிதறலால் ஒரு கண்ணை இழந்து செயற்கைக் கண் பொருத்தியவரின் அந்தப் பக்க இமை தாழ்ந்தோ முழுதாக மூடாமலோ இருக்கலாம். முகநரம்பு அறுந்தவருக்கு ஒரு பக்க இமை மூடவே மூடாது. தழும்பு ஏறிய இமையின் விளிம்பை மென்பொருள் பிழையாகக் குறிக்கலாம். பல மென்பொருள்கள் இரு கண்களின் விகிதத்தையும் கூட்டிச் சராசரி எடுக்கின்றன. இரு கண்ணும் ஒன்றாகவே இமைக்கும் என்ற எடுகோள் அதில் மறைந்திருக்கிறது. ஒரு கண் என்றும் 0.3இலேயே நிற்குமானால், மறுகண் முழுதாக மூடினாலும் சராசரி 0.15க்குக் கீழே போகாது. கோடு அதற்கும் கீழே இருந்தால் அவர் 'ஆம்' என்று இமைத்தது பதிவாகாது.

பிரெஞ்சுப் பத்திரிகை ஆசிரியர் ஜான் டொமினிக் போபி 1995இல் மூளைத்தண்டுப் பாரிசவாதத்தால் உடல் முழுதும் செயலிழந்தார். வலது கண் தைத்து மூடப்பட, எஞ்சிய இடது இமையை அசைத்தே ஒரு முழு நூலை எழுதுவித்தார். அது 1997இல் வெளிவந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அவர் இமைப்பை வாசித்தவர் ஒரு பெண். அவருக்கு ஒற்றைக் கண் ஒரு தடையாக இருக்கவில்லை. இரு கண்ணின் சராசரியைத் தேடும் கருவி அங்கே தடுமாறியிருக்கும்.

இதற்கான திருத்தம் கடினமானதல்ல. பாவிக்கத் தொடங்குமுன் அந்த ஆளையே சில செக்கன் கண்ணைத் திறந்திருக்கவும் பின்னர் மூடியிருக்கவும் செய்து, அவ்விரு அளவுகளுக்கும் இடையில் கோட்டை வைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் அது தனித்தனியாக இருக்க வேண்டும். தானாக வரும் இமைப்பு கட்டளையாகிவிடாதிருக்க, ஒரு செக்கனளவு நீடிக்கும் மூடலையே 'ஆம்' என்று எடுக்கலாம். களைப்பினால் இமை தாழும் என்பதால் அளவுகளை நாளுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டு உறவுகளிடமிருந்தோ தொண்டு நிறுவனத்திடமிருந்தோ இத்தகைய கருவியைப் பெறுவோர், ஒரு கண்ணை மட்டும் தெரிவுசெய்யும் வசதி அதில் உண்டா என்பதை முதலில் கேட்டறிந்துகொள்வது நல்லது.