கொடையா, கோடையா?

வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பேருந்தின் நெற்றியில் 'கொடைக்கானல்' என்று குறில்தான் இருக்கும். 'கோடைக்கானல்' என்று நெடிலாக எழுதுவோரும் உண்டு. குறில் என்றால் காடு தந்த கொடை. நெடில் என்றால் கோடைவாசத்தலம். இரண்டு விளக்கமும் சுற்றுலாக் கையேட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகின்றன. சந்தேகம் வருவதே அதனால்தான்.

வெயிலுக்குத் தப்பி இங்கே பங்களா கட்டும் வழக்கம் 1845-இல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்களோடு வந்தது. ஏரி அதற்கும் இளையது: மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் 1863-இல் ஓடைநீரைக் கரைகட்டித் தேக்கியது. பெயரோ பழையது. புறநானூறு 205-ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் பாடும் கடிய நெடுவேட்டுவன் கோடைமலைத் தலைவன். அந்த மலை இதுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து.

அந்தக் கோடை சித்திரை வெயில்தானா? பழந்தமிழில் வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை. மதுரைச் சமவெளியில் நிற்பவனுக்கு இந்த மலை மேற்கு. மேல்காற்றின் பெயரே மலைக்கும் ஒட்டியிருக்கலாம் என்பது என் ஊகம்.

நெடில் குறுகியதற்கு எழுத்தைத்தான் நொந்துகொள்ள வேண்டும். ஏட்டுச்சுவடியில் 'கொ', 'கோ' இரண்டுக்கும் ஒரே கொம்பு. இரட்டைக்கொம்பு 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம். ஆங்கில 'ஓ'வுக்கோ குறில் நெடில் கணக்கே கிடையாது. வெள்ளைக்காரர் கோப்பில் ஏறிய பெயர் தமிழுக்குத் திரும்பியபோது, எழுதியவர் காதுக்குப் பட்டதே நிலைத்தது என்று நினைக்கிறேன்.

'கானல்' இன்னும் வம்பு. சங்கப் பாட்டில் அது கடற்கரைச் சோலை. நாம் அறிந்தது கானல்நீர். ஏழாயிரம் அடி உயரத்தில் இரண்டுக்கும் வேலையில்லை. ஆனால் மூணாறுப் பக்கம் போனால் சின்னக்கானல், பெரியகானல் என்று மலையூர்கள் இருக்கின்றன. தற்செயல் என்று தள்ள முடியவில்லை. மலைக்காரர் வாயில் கானல் என்பது கான்தான், காடுதான். கொடி படர்ந்த கானல், 'கொடிக்கானல்' என்று பிரிப்பவர்களும் இந்தப் பாதியில் ஒத்துப்போகிறார்கள். மற்றப் பாதிக்கு அவர்களிடம் கொடியைத் தவிரச் சான்றில்லை.

அந்தக் கானலும் இப்போது பேச்சில் உதிர்ந்துவிட்டது. "கொடைக்கு பஸ் எப்போண்ணே?" என்றால் போதும். அடிவாரத்துக்கு அப்பால், அம்மையநாயக்கனூரில் ரயில் நிற்கும் வெக்கைபூமிக்கும் பெயர் கொடைரோடு.