பெயர் தந்த தைரியம்

1907இல் மியூனிக் நகர நோய்க்குறியியல் மருத்துவர் சீக்ஃபிரீட் ஓபர்ன்டார்ஃபர், சிறுகுடலில் தாம் கண்ட சில சிறு கட்டிகளுக்குக் ‘கார்சினாய்டு’ என்று பெயர் வைத்தார். புற்றுநோய் போன்றது, ஆனால் அதுவல்ல என்பது பொருள். மெல்ல வளரும், வேறு உறுப்புக்குப் பரவாது என்றும் எழுதினார். மருத்துவர்களின் எச்சரிக்கையை நெடுங்காலம் மழுங்கடித்தது இந்தப் பெயர்தான் என்பேன். எதிர்ச்சான்று அன்றே இருந்தது. 1890இலேயே ரான்சம் என்ற ஆங்கில மருத்துவர், சிறுகுடல் கட்டி கல்லீரலுக்குப் பரவி, சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் மூச்சுத்திணறலும் கண்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார். இவற்றில் பரவுபவையும் உண்டு என்று 1929இல் ஓபர்ன்டார்ஃபரே திருத்திக்கொண்டார். பெரிய மனது வேண்டும் அதற்கு. யூதர் என்பதால் 1933இல் நாஜி ஆட்சியில் பதவியிழந்து இஸ்தான்புல் போன அவர், 1944இல் அங்கேயே காலமானார். அவர் திருத்தியதைவிட, முதலில் வைத்த பெயரே ஊன்றி நின்றது.

மலக்குடலில் இந்தப் பெயர் இன்னும் ஆபத்தானது. அங்கே கட்டி, வழவழப்பான உட்சவ்வுக்கு அடியில் துவரம்பருப்பு அளவில், வெளிர்மஞ்சளாக, விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும். பலருக்கு வலியே இராது. சிறுகுடல் கட்டி கல்லீரலை எட்டினால் அது சுரக்கும் செரட்டோனின் முதலான பொருள்களால் முகம் சிவந்து, வயிறு போகும். 1950களில் மருத்துவர்கள் இதைத் தனி நோய்க்குறியாகவே அடையாளம் கண்டார்கள். மலக்குடல் கட்டி பெரும்பாலும் செரட்டோனின் சுரப்பதில்லை. மேல் மலக்குடலின் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போவதால் புற்றுச் செல்களும் அங்கே போய்த் தங்கலாம்; அப்போதும் பெரும்பாலும் முகம் சிவக்காது. அறிகுறி இல்லாததை நோய் இல்லாததாக எடுத்துக்கொள்ள, பெயரும் துணைபோனது.

ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய மலக்குடல் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை பரவுவதில்லை, உள்நோக்கிக் கருவியால் எடுத்தாலே போதும், பிறகு ஏன் மக்களைப் பயமுறுத்த வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நிம்மதியைத் தருவது கட்டியின் அளவும், குடல் சுவரில் அது இறங்கிய ஆழமும், செல்கள் பிரியும் வேகமும்; பெயர் அல்ல. 2 சென்டிமீட்டரைத் தாண்டியவற்றில் பல, கண்டுபிடிக்கும்போதே பரவியிருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே ஆறுதல் பெயரைச் சூட்டியதுதான் பிழை. 2010இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றை நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் என்ற தலைப்பின்கீழ் வைத்து, செல் பிரியும் வேகப்படி தரம் பிரித்தது. பழைய பெயர் இன்னும் பேச்சில் இருக்கிறது. பரிசோதனை அறிக்கையில் அதைக் கண்டால் அளவு என்ன, தரம் என்ன, முழுதும் எடுத்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.