ஓர் அடுப்பும் பல அடுப்பும்

கூட்டுக் குடும்பம் என்றதும் நம் எல்லோருக்கும் ஒரே படம்தான் வருகிறது. நடுமுற்றம், நீளமான பந்தி, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே குழம்பு ஊற்றும் மருமகள், சிரித்த முகமாக ஒரு பாட்டி. சினிமா கொடுத்த படம் அது. பெரிய குடும்பங்கள் எல்லா ஊரிலும் ஒரே விதமாக நடந்ததில்லை. காவிரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த வீடுகளில் அண்ணன் தம்பி அத்தனை பேருக்கும் ஒரே அடுப்பு. அங்கிருந்து தெற்கே சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் செட்டிநாட்டில், நகரத்தார் வீடுகளில், கூரை ஒன்றுதான். ஆனால் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அடுப்பு. சமையலறைச் சங்கதிதானே என்று தோன்றும். அந்த வீட்டுக்குள் பிள்ளை வளர்த்தவளுக்கு அவளுடைய வாழ்க்கையே அந்தச் சங்கதியில்தான் இருந்தது.

முதலில் ஒரே அடுப்பு. மன்னார்குடிப் பக்கத்தில் என் அப்பாயி மருமகளாக வந்து சேர்ந்ததும் அப்படியொரு வீட்டுக்குத்தான். மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார்கள், எல்லோருக்குமான பிள்ளைகள், நடவுக்கும் அறுப்புக்கும் கூடுதலாக வந்து சாப்பிடும் ஆட்கள். வாசல் தெளிக்க ஒருத்தி, தொழுவத்துக்கு ஒருத்தி, அடுப்படிக்கு இரண்டு பேர் என்று முறை வைத்துக்கொள்வார்கள். “இன்னிக்கு அடுப்படி யார் முறை?” என்பதுதான் காலையில் முதல் பேச்சு. உலைப்பானையைக் கவிழ்த்துக் கஞ்சி வடிக்க ஒருத்தி கை போதாது. கொடியடுப்பில் ஒரு பக்கம் குழம்பு கொதிக்க, மறுபக்கம் பிள்ளைக்குப் பால் காய்ச்ச வேண்டுமென்றால் குழம்புக்காரியிடம் கேட்க வேண்டும். பாலுக்கே மாமியாரிடம் கேட்க வேண்டும். சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் சாவி அவர் இடுப்பில்.

ஒரே அடுப்பு வீட்டின் முதல் சட்டம் பந்தியில் வஞ்சனை கூடாது என்பது. பத்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது தன் பிள்ளையின் இலையில் மட்டும் ஒரு கரண்டி நெய் கூட விழுந்தால் அது அந்த வீட்டில் ஆறு மாதம் பேசப்படும். மாம்பழக் காலத்தில் இதைப் பார்க்க வேண்டும். பழங்கள் தலைக்கணக்குக்குப் போதாது. கதுப்பை எண்ணி எண்ணி வைப்பார்கள். கொட்டை மட்டும் அறுத்தவளுக்கு. சிலபேர் சோற்றுக்கு அடியில் ஓர் அப்பளத்தை மறைத்து வைத்துத் தன் பிள்ளைக்குக் கொடுப்பதுண்டு. அந்தப் பிள்ளைக்கும் அதைச் சத்தமில்லாமல் தின்னத் தெரிந்திருக்கும். நெறி என்று பார்த்தால் உயர்ந்த நெறிதான். ஆனால் அதற்கான விலையைத் தாய் கொடுத்தாள். தன் பிள்ளையைத் தனியாகக் கொஞ்சுவதுகூட நாகரிகக் குறைவு என்று ஆனது. மடியில் போட்டுக் கொஞ்ச வேண்டுமென்றால் தாய்வீட்டுக்குப் போகும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பாட்டியை ‘அம்மா’ என்றும், பெற்றவளை மற்றவர்கள் கூப்பிடுகிறபடி ‘அண்ணி’ என்றும் கூப்பிட்ட வீடுகள் உண்டு. அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, கேட்டால் சிரிப்பார்கள்.

அதே வீட்டில் அவளுக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். நாலு நாள் காய்ச்சலில் படுத்தால் அடுப்பு நிற்காது. பிள்ளைப்பேறுக்குப் போனால் மூத்த பிள்ளைகள் பட்டினி கிடக்க மாட்டார்கள். மாதத்தில் மூன்று நாள் ‘தூரம்’ என்று ஒதுங்குவதை இன்றைக்கு நாம் அவமதிப்பாகப் பார்க்கிறோம், பார்க்க வேண்டியதுதான். ஆனாலும் அந்தத் திண்ணைக் கோடியில்தான் கால் நீட்டி உட்கார்ந்தேன் என்று சொன்ன பாட்டிகளை நான் கேட்டிருக்கிறேன். மாமியாரும் மருமகளும் ஒரே வருஷத்தில் பிள்ளை பெறுவது அன்று அதிசயமில்லை. தாய்க்குப் பால் சுரக்காதபோது ஓரகத்தி எடுத்துப் பால் கொடுத்த கதைகளும் சாதாரணம். பிள்ளைக்கு எப்போதும் ஏதோ ஒரு மடி இருந்தது. அது பெற்றவளின் மடியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும்தான் இல்லை.

செட்டிநாட்டுக்கு வருவோம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீளும் வீடு. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள்; மகன்களுக்குள் பங்கு பிரித்து ஒவ்வொருவரும் தத்தம் சாமான்களைப் பூட்டி வைத்துக்கொள்வார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. வேறு ஊருக்கோ வேறு வீட்டுக்கோ போவதில்லை. அதே வீட்டின் பின்கட்டில் தனி அடுப்பு. பாத்திரம் பண்டமெல்லாம் பெண்வீட்டுச் சீரில் வந்திருக்கும். வருஷத்துக்கு இவ்வளவு நெல், செலவுக்கு இவ்வளவு பணம் என்று மாமனார் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார். அதற்குள் அவள் குடும்பம் நடத்திக்கொள்ள வேண்டும். அந்தத் தம்பதி அதன்பிறகு சமூகத்தில் ஒரு ‘புள்ளி’. கோயில் வரி முதல் ஊர்க் காரியம் வரை புள்ளிக் கணக்கில்தான் நடக்கும். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பும் இந்தத் தனிச் சமையலைக் குறிப்பிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு விநோதமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரே வீட்டில் ஆறு புள்ளி இருந்தால் ஆறு அடுப்பு, ஆறு சிறிய பானை, ஆறு ரசம். விறகும் அப்படியே. சிக்கனத்துக்குப் பேர்போன வணிகச் சமூகம் இந்தச் செலவை ஏன் ஏற்றுக்கொண்டது? என் கணிப்பு இது: அவர்களுடைய ஆண்கள் ஊரில் இல்லை. ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ மூன்று மூன்று வருஷக் கணக்கில் வட்டித்தொழில் பார்த்தார்கள். மனைவிமார் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். யாருடைய பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது, யார் செலவில் என்ற பேச்சு ஆண்கள் கடல் தாண்டி இருக்கும்போது எழுந்தால் தீர்த்துவைக்க ஆளில்லை. கணக்கைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் பேச்சே எழாது. வயலை நம்பியவர்களுக்கு நெல் ஒரே களத்தில் ஒரே நாளில் வந்து விழுகிறது, எல்லோருடைய உழைப்பும் அதில் கலந்திருக்கிறது, பிரித்தால்தான் சண்டை. வட்டிக்கணக்கில் வாழ்ந்தவர்களுக்கு வருமானமே பேரேட்டில் பிரிந்துதான் வந்தது. அடுப்பு இரண்டிடத்திலும் வருமானத்தின் வழியே போயிருக்கிறது. அடுப்பு பிரிவது சொத்து பிரிவதல்ல என்பதை நம் சட்டமும் புரிந்துகொண்டது: அண்ணன் தம்பிகள் தனித்தனியே சமைத்துச் சாப்பிடுவது மட்டுமே பாகப்பிரிவினை நடந்ததற்குச் சான்றாகாது என்பது இந்துச் சட்டத்தில் பழைய நிலைப்பாடு.

தாயின் பக்கம் நின்று பார்த்தால், வேறு வைக்கப்பட்டவள் பிள்ளைக்குப் பசித்தால் யாரையும் கேட்காமல் கொடுத்தாள். கணக்கு எழுதினாள். மிச்சம் பிடித்தாள், பிடித்ததை நாளைக்குப் பெண்ணுக்குச் சீர் வைக்கப் பாத்திரமாக்கி அறையில் அடுக்கினாள். ஆச்சிமார்களின் நிர்வாகத் திறமை பற்றி இன்றும் பேசுகிறார்களே, அது இந்தச் சின்ன அடுப்பிலிருந்து தொடங்கியது என்றுதான் நினைக்கிறேன். இருபது வயதில் ஒரு வருஷத்து நெல்லை அளந்து செலவழிக்கக் கற்றவளுக்கு, நாற்பது வயதில் புருஷன் ஊரில் இல்லாமலே மகள் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்வது பெரிய காரியமில்லை. ஒரே அடுப்பு வீட்டு மருமகளுக்கு அந்தப் பயிற்சி மாமியார் காலத்துக்குப் பிறகுதான். சாவி கைக்கு வரும்போது பலருக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருக்கும்.

ஆனால் அவளுக்குக் காய்ச்சல் வந்தால்? பக்கத்து அடுப்புக்காரி சோறு போடாமல் இருக்க மாட்டாள். அது உதவி, உதவிக்குக் கணக்கு உண்டு. கைமாற்றாக வாங்கிய ஒரு படி பருப்பைப் படியாகவே திருப்ப வேண்டும். வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்குப் பரவாயில்லை. தொழில் நொடித்த குடும்பத்தில், முக்கியமாக 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் வரவு நின்ற பிறகு, ஒரே வளவில் ஓர் அடுப்பில் கந்தரப்பமும் இன்னோர் அடுப்பில் வெறும் கஞ்சியும் வெந்திருக்கும். ஒரே அடுப்பு வீட்டில் இது நடக்காது. இல்லாமை வந்தால் எல்லா இலைக்கும் வரும். பிரிந்த அடுப்புகளை இழுத்துச் சேர்க்கச் சில நாட்களை அவர்களும் வைத்திருந்தார்கள். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21-ஆம் நாளை ஒட்டி வரும் பிள்ளையார் நோன்பில் பெரியவர் ஒருவர் கையால் எல்லோரும், மாவில் திரியிட்டு ஏற்றிய ‘இழை’ எடுத்துக்கொள்வார்கள். கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்றால் பொதுச் சமையல். மறுநாள் அவரவர் அடுப்பு.

இரண்டு வீட்டிலும் ஒன்றுபோல் இருந்தவள் ஒருத்தி இருக்கிறாள்: மூத்த பெண். எட்டு வயதில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள், ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்கள் அம்மா ஒண்டியாளாக ஏழு பேரை வளர்த்தாள் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் தங்கள் பெரியக்காவை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். இன்னொருத்தியும் உண்டு. இந்த இரண்டு வீடுகளிலும் நெல் அவித்து, மாடு பார்த்து, பாத்திரம் தேய்த்தவள். அவளுக்கும் பிள்ளைகள் இருந்தன; நடவு வயலின் வரப்போரம் மரக்கிளையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்தாள். ஓர் அடுப்பா பல அடுப்பா என்று யோசிப்பது நெல் இருந்த வீட்டின் கேள்வி.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளத் தோன்றும் அளவுக்குக் காரியங்கள் மாறியிருக்கின்றன. பிள்ளைகள் குறைந்துவிட்டன, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. 1955-இல் கோயம்புத்தூரில் பிறந்த மின்சார ஆட்டுரல், 2011-இல் அரசு கொடுத்த விலையில்லா மிக்சி, கிரைண்டராக ஓட்டுவீடுகளுக்கும் வந்துவிட்டது. கை உழைப்பு குறைந்தது. வீட்டுவேலை குறைந்ததா என்றால், 2019-இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது ஒரு நாளில் சராசரி 299 நிமிடம், செய்கிற ஆண்கள் 97 நிமிடம்.

வீடு கட்டும் விதத்தையும் பாருங்கள். திருப்பூரிலும் மதுரையிலும் இன்று இரண்டு மகன் வைத்திருப்பவர் கீழே தனக்கு, மாடியில் பெரியவனுக்கு, அதற்கு மேல் சின்னவனுக்கு என்று மூன்று தளம் எழுப்புகிறார். தனித்தனி மீட்டர், தனித்தனி சிலிண்டர். இது செட்டிநாட்டு வரைபடத்தை நிமிர்த்தி வைத்ததுதான். அரசாங்கத்துக்கும் குடும்பம் என்றால் அடுப்புதான்: ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்று எண்ணுகிறது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தனி ரேஷன் அட்டை கேட்டால் தனிச் சமையலறை இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருகிறார். 2023 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையும் ஓர் அட்டைக்கு ஒருத்திக்குத்தான். தகுதியுள்ள வீட்டில் அட்டை ஒன்றாக இருந்தால் மருமகள்களில் யார் பெயரைக் கொடுப்பது, மாமியார் பெயரையா என்பது சின்னப் பேச்சாக முடிவதில்லை.

வரைபடம் வந்துவிட்டது, அதற்கான விதிகள்தான் வரவில்லை. வேறு வைக்கும்போது இவ்வளவு நெல், இவ்வளவு பணம், இந்த நாள் பொது, மற்ற நாள் தனி என்று செட்டிநாட்டில் முதல் நாளே பேசி முடித்தார்கள். மாடி வீட்டில் யாரும் எதையும் பேசுவதில்லை. பேசினால் பாசக்குறைவு. ஆகவே மாவு கீழே அரைபடுகிறது, பள்ளிவிட்டு வரும் பேரன் கீழே சாப்பிடுகிறான், ராத்திரி தோசை கீழிருந்து மேலே போகிறது. மாமியார் அறுபது வயதில் மறுபடி மருமகளாகிறார். வேலைக்குப் போய் வரும் மாடிக்காரிக்கோ, தன் பிள்ளைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதில் பேச்சில்லை. இரண்டு ஏற்பாட்டின் கஷ்டத்தையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்தது நம் காலத்தின் கெட்டிக்காரத்தனம்.

இதைப் பேசித் தீர்த்துக்கொண்ட ஒரு வீடு எனக்குத் தெரியும். மாதம் பிறந்தால் மருமகள்கள் இருவரும் மளிகைக்கு இவ்வளவு என்று கீழே கொடுத்துவிடுகிறார்கள். மதியச் சாப்பாடும் மாவும் கீழே. காலையும் ராத்திரியும் அவரவர் அடுப்பு. பிள்ளைகளுக்கு இனிப்பு, பிஸ்கட் யாரும் யாரையும் கேட்காமல் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமியாருக்கு அடுப்படி விடுமுறை. மகன்கள் முறைவைத்துச் சமைக்கிறார்கள், கறிக்குழம்பு பெரும்பாலும் உப்புத் தூக்கலாக இருக்குமாம். சொந்தக்காரர்கள் இந்த ஏற்பாட்டைக் கேலி செய்தார்கள். மூத்த மருமகளிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “கணக்கு வெச்சா சண்டை வரும்னு எல்லாரும் சொன்னாங்க. கணக்கு வெக்காமத்தான் ரெண்டு வருசம் சண்டை போட்டோம்” என்றாள்.