ஆறாத புண் புற்றுநோயாக மாறுமா? எப்போது உஷாராகணும்? முழு விவரம் இதோ!

மருந்து போட்டா கொஞ்சம் காயுது, நாலு நாள்ல மறுபடியும் நீர் வடியுது... மாசக்கணக்கில் இப்படி ஒரு புண் இருந்தால், "சுகர் இருக்கு, அதான் ஆறல" என்று பலரும் விட்டுவிடுகிறோம். ஆனால் அரிதாக, அந்தப் புண்ணிலேயே தோல் புற்றுநோய் உருவாகலாம்.

மார்ஜோலின் புண் என்றால் என்ன?

நாள்பட்ட புண்ணிலோ பழைய தழும்பிலோ உருவாகும் தோல் புற்றுநோய்தான் 'மார்ஜோலின் புண்'. 1828-ல் இத்தகைய புண்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு அறுவை சிகிச்சை நிபுணர் மார்ஜோலின் பெயரால் இப்படி அழைக்கப்படுகிறது.

யாருக்கு வரலாம்?

தீக்காயத் தழும்பு உள்ளவர்களுக்குத்தான் அதிகம். படுக்கைப் புண், வெரிகோஸ் வெயின் புண், எலும்பில் சீழ் வைத்து வடியும் புண், தொழுநோயால் பாதத்தில் வரும் புண் ஆகியவற்றிலும் வரலாம். தீக்காயம் பட்டு 30 வருஷம் கழித்துகூட வருவதுண்டு.

பாவாடை நாடாவாலும் வருமா?

வந்திருக்கிறது. இடுப்பில் நாடாவை இறுக்கிக் கட்டிய இடத்தில் ஆறாத புண் வந்த இரண்டு இந்தியப் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் இருந்ததாக, 2024-ல் 'பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்' மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதினர். 70 வயதான ஒருவருக்கு அந்தப் புண் 18 மாதமாக இருந்தது. இன்னொருவருக்கு நோய் தொடை இடுக்கு நெறிக்கட்டி வரை பரவிவிட்டது.

எப்படி மாறுகிறது?

புண்ணை மூட தோல் செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும். புண் ஆறாமல் அழற்சி நீடித்தால், செல்களின் மரபணுவில் பிழைகள் சேர்ந்து கட்டுப்பாடில்லாமல் வளரத் தொடங்கும்.

என்னென்ன அறிகுறிகள்?

* 3 மாதத்துக்கு மேல் ஆறாமல் இருப்பது
* ஓரம் தடித்து மேலெழும்புவது
* காலிஃப்ளவர் போல சதை வளர்வது
* தொட்டாலே ரத்தம் வருவது
* திடீரென நாற்றமோ வலியோ கூடுவது
* ஆறிய தழும்பு மறுபடி வெடிப்பது

'வலி இல்லையே' என்று அலட்சியம் வேண்டாம். வலியே இல்லாமலும் புற்றுநோய் வரலாம்.

எப்படி உறுதி செய்வது?

பார்த்து மட்டும் சொல்ல முடியாது. புண்ணின் ஓரத்திலும் நடுவிலும் சிறு துண்டுகள் எடுத்து பயாப்ஸி செய்வார்கள். "கத்தி பட்டா கேன்சர் பரவிடும்" என்று பயந்து இதைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை. தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து.

சிகிச்சை என்ன?

சீக்கிரம் கண்டுபிடித்தால், புண்ணைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்து, வேறு இடத்துத் தோலை வைத்து மூடிவிடலாம். எலும்பு வரை பரவிவிட்டால் கை, காலையே அகற்ற வேண்டி வரலாம்.

தடுக்க முடியுமா?

ஆழமான தீக்காயத்தை அப்படியே விடாமல், தோல் ஒட்டு சிகிச்சை தேவையா என்று கேளுங்கள். நாடாவைத் தளர்த்தி, அகலமான பட்டையாகக் கட்டலாம்.

ஆறாத புண் எல்லாமே கேன்சர் இல்லை. ஆனால் 3 மாதம் தாண்டிய புண்ணுக்கு களிம்பு மட்டும் போதாது. அடுத்த முறை கட்டு மாற்றப் போகும்போது, "இதுக்கு பயாப்ஸி பார்க்கணுமா டாக்டர்?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.