திரையில் ஏன் இந்தக் கறுப்புப் பட்டை?

புதிதாக அகலத் தொலைக்காட்சி வாங்கிய வீட்டில் முதல் நாளே எழும் புகார் இது: "இவ்வளவு காசு கொடுத்துப் பெரிய பெட்டி வாங்கியும் மேலேயும் கீழேயும் கறுப்பாக இருக்கிறதே!" உடனே ரிமோட்டைத் தட்டி, திரை நிறையும்வரை படத்தைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். பட்டை மறைந்துவிடும். அதோடு படத்தின் இரண்டு ஓரங்களும் மறைந்துவிடுவதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்தச் சிக்கல் சினிமாவில் தொடங்கியது. 1890களில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிக்சன், 35 மில்லிமீட்டர் படச்சுருளில் நான்கு துளை உயரத்துக்கு ஒரு படம் என்று அமைத்தார். அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு. பேசும்படம் வந்தபின், 1932இல், அது சற்றே மாறி 1.37க்கு 1 என்று ஹாலிவுட்டில் நிலைபெற்றது. தொலைக்காட்சியும் 4:3 வடிவத்தையே எடுத்துக்கொண்டது. அதனால்தான் 1952இல் வந்த 'பராசக்தி' போன்ற படங்கள் பழைய பெட்டியில் ஏறக்குறைய முழுதாகவே அடங்கின.

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பெட்டி வந்ததும் திரையரங்குகளில் கூட்டம் குறைந்தது. வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டினால்தான் பிழைக்கலாம் என்ற நிலை. 1952இல் மூன்று புரொஜெக்டர்களைக் கொண்டு வளைந்த திரையில் சினிராமா ஓடியது. 1953இல் 'த ரோப்' படத்துடன் சினிமாஸ்கோப் வந்தது. பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கிரெத்தியன் உருவாக்கிய லென்ஸ், அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிச் சுருளில் பதித்தது. திரையிடும்போது இன்னொரு லென்ஸ் அதை விரித்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973இல் வெளிவந்தது.

தொலைக்காட்சியை ஒதுக்கப் பிறந்த படங்களே பிறகு தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டன என்பதுதான் வேடிக்கை. 1961இல் அமெரிக்காவின் என்.பி.சி. தன் சனிக்கிழமைப் பட வரிசையைத் தொடங்கியபோது முதலில் ஒளியேறியது ஒரு சினிமாஸ்கோப் படம். இத்தகைய படங்களைச் சின்னப் பெட்டியில் நிரப்ப, யாரோ ஒரு தொழில்நுட்பர் உட்கார்ந்து, காட்சிக்குக் காட்சி எந்தப் பகுதியைக் காட்டலாம் என்று தீர்மானித்தார். 2.35க்கு 1 அளவுள்ள படத்தில் 40 விழுக்காட்டுக்கும் மேல் போயிற்று. இரு மூலைகளில் நின்று பேசும் இருவரில் ஒருவருக்கு மூக்கு நுனி மட்டும் மிஞ்சும்!

இயக்குநர்களுக்கு இது சும்மா விடக்கூடிய விஷயமாக இல்லை. தமது 'த்ரீ டேஸ் ஆஃப் த காண்டோர்' படத்தை இப்படி வெட்டிக் காட்டியதற்காக, சிட்னி பொல்லாக் டென்மார்க் ஒளிபரப்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1997இல் தீர்ப்பு வந்தது. வெட்டியது படைப்பைச் சிதைத்ததுதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் நிறுவனம் ஏற்கெனவே வெட்டப்பட்ட பிரதியை நல்லெண்ணத்தில் வாங்கியது என்பதால் பொல்லாக் வழக்கில் தோற்றார்.

அப்படியானால் புதிய பெட்டி எந்த அளவில் இருப்பது? 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், புழக்கத்தில் இருந்த பட வடிவங்களைச் சம பரப்புள்ள செவ்வகங்களாக எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக நடுப்புள்ளியில் பொருத்திப் பார்த்தார். எல்லாவற்றையும் அடக்கும் வெளிச்சட்டமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உட்பகுதியும் ஒரே வடிவில், ஏறத்தாழ 1.77க்கு 1 என்று அமைந்தன. அதுவே 16:9. நான்கின் வர்க்கம் 16, மூன்றின் வர்க்கம் 9. ஆக இது ஒரு சமரசம். சினிமாஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் சுமார் கால் பங்கு கறுப்பு. பழைய 4:3 படம் போட்டால் இரு பக்கமும் சேர்ந்து அதே கால் பங்கு.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 2019இல் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுபோனது. இன்று வீடுகளில் 16:9தான். ஆனாலும் பக்கவாட்டுப் பட்டையைப் பொறுக்காமல் பழைய படங்களை இழுத்துப் பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. 'பராசக்தி'யில் ஒல்லியாக அறிமுகமான சிவாஜி, அந்த வீடுகளில் முதல் காட்சியிலேயே பருத்துவிடுகிறார்.