கதவைச் சாத்திக்கிட்டுத் தின்ன கீரை

கீரைன்னா இல்லாதப்பட்டவங்க சாப்பாடுங்கிற நினைப்பு இன்னிக்கு நேத்து வந்ததில்லைங்க. சங்க காலத்துலயே உண்டு. நல்லூர் நத்தத்தனார் பாடின சிறுபாணாற்றுப்படையில, கிணைப்பறை கொட்டுறவன் வீட்டுப் பொம்பளை குப்பையில முளைச்ச வேளைக்கீரையை நகத்தால கிள்ளி, உப்பில்லாம வேகவைக்கிறா. புறம் பேசுறவங்க கண்ணுல படாம கதவைச் சாத்திக்கிட்டு, சுற்றத்தோட பங்கிட்டுத் தின்கிறா.

எங்க மானாவாரிக் காட்டுல சோளத்துக்கும் கடலைக்கும் களைவெட்டப் போற பொம்பளைங்க, பொழுது சாயறப்ப பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரைன்னு மடி நிறையக் கிள்ளிட்டு வருவாங்க. எல்லாத்தையும் ஒண்ணா வேகவெச்சுக் கடைஞ்சா களிக்குக் கலவைக்கீரை. காசு செலவே இல்லை.

அப்புறம் மக்காச்சோளம் வந்தது, கூடவே களைக்கொல்லியும் வந்தது. களை போச்சு, களைவெட்டு போச்சு, மடிக்கீரையும் போச்சு. எனக்குக் கூலி மிச்சம்ங்கிறது நெசம்தான். ஆனா அன்னிக்கு மடியில கொண்டுவந்த பொம்பளைங்களே இன்னிக்குச் சந்தையில கீரைக்கட்டு என்ன விலைன்னு கேக்குறாங்க.

கீரை சமைக்க நேரமில்லைன்னு பட்டணத்துல இருக்கறவங்க சொல்றீங்க. தனியா எதுக்குச் சமைக்கணும்? வெந்த பருப்புல ரெண்டு கைப்பிடி அரைக்கீரையை அரிஞ்சு போட்டு ஒரு கொதி விடுங்க. அடை மாவுல ஒரு பிடி முருங்கைக்கீரையைக் கலந்துடுங்க. வாரத்துல ஒருநாள் ரெண்டு மூணு கீரையைச் சேர்த்துக் கடையுங்க. மாடித் தொட்டியில தானா ஏதாவது முளைச்சா, பிடுங்கி எறியறதுக்கு முன்னாடி ஊர்ப் பெரியவங்ககிட்ட ஒருதரம் காட்டுங்க. பாதிக்குப் பாதி அது கீரையாத்தான் இருக்கும்.