ஆழம் அளந்த கலை

விளையாட்டு என்றால் வீண்பொழுது என்று எண்ணுவது நம்மவர் வழக்கம். கணினித் திரையில் ஆடும் முப்பரிமாண விளையாட்டுக்குச் செய்நிரல் எழுதப் பல்கலைக்கழகத்திற் படிக்கிறார்கள் என்றால், "இதற்கும் ஒரு படிப்பா?" என்று வியப்போர் உளர். அப்படிப்பின் வரலாற்றை அறிந்தால் அவ்வியப்பு நீங்கும். மன்னார்க் கரையில் வாழ்வோருக்கு அவ்வரலாறு அந்நியமாகவும் தோன்றாது.

நீளமும் அகலமும் எந்தத் தாளிலும் உண்டு. மூன்றாவதாகிய ஆழத்தை வசப்படுத்துவதே இக்கலையின் உயிர்நிலை. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களிற் குளித்தோர் அந்த ஆழத்தை உடலால் அளந்தவர்கள். கல்லிலே காலூன்றி, கயிற்றைப் பற்றி, ஐந்து முதற் பத்துப் பாகம் வரை இறங்கினார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் சிப்பிகளை வாரிக்கொண்டு மீண்டார்கள். 1902ஆம் ஆண்டில் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் இப்பார்களை ஆராய வந்தார். அவருக்குத் துணையாய் நின்றவர் ஜேம்ஸ் ஹோர்னெல். 1905இல் எட்டுக் கோடி அளவிற் சிப்பிகள் எடுக்கப்பட்டன. 1906இல் ஒரு கம்பெனி பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின்னர் அவை வறண்டன.

கணிதத்தார் ஆழத்தை அளந்த வழி வேறு. ஓர் இடத்தை எண்களாற் குறிக்கலாம் என்று 1637இல் வழிகாட்டினார் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட். அவ்வழியே ஒரு புள்ளிக்கு மூன்று ஆள்கூறுகள் அமைந்தன. எண்களை நிரையும் நிரலுமாய் அடுக்கிக் கணிக்கும் முறையை 1858இல் விளக்கினார் ஆங்கிலேயராகிய கேலி. இவ்வடுக்கை நம் பாடநூல்கள் 'தாயம்' என்கின்றன. திண்ணையில் உருட்டிய தாயத்தின் பெயரே கணிதத்திற்கும் வாய்த்தது! திரையில் ஒரு மாளிகையைத் திருப்புவதும், ஒரு தோணியை அசைப்பதும் இத்தாயங்களின் பெருக்கலே.

கணினி இக்கணிதத்திற்குக் கண் தந்தது. 1962இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் இளைஞர் சிலர் விண்கலப் போர் விளையாட்டொன்றை இயற்றினர். மறு ஆண்டு, அங்கேயே ஐவன் சதர்லண்ட் திரையில் வரையும் முறையைத் தம் ஆய்விற் காட்டினார். பின்னர் யூட்டா பல்கலைக்கழகம் இக்கலையின் உலைக்களமாயிற்று. வியட்நாமிற் பிறந்த புய் துவோங் ஃபோங், வளைந்த பரப்பில் ஒளி மினுங்கும் விதத்தை 1973இல் அங்கே கணித்தார்.

தோணி தீவை மறைக்கிறது. தீவு தோணியை மறைப்பதில்லை. கண் அறிந்த இதனைக் கணினிக்கு எவ்வாறு அறிவிப்பது? 1974இல் எட்வின் கற்மல் எழுதிய ஆய்வேட்டில் இதற்கு ஒரு விடை உண்டு. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் தொலைவைக் குறித்து வை; அதனினும் அண்மையானது வந்தால் மாற்று; இன்றேல் விடு. இன்றும் மாணவர் கற்பது இவ்வெளிய விதியையே. முத்துக் குளிப்போனுக்கு ஒரு மூச்சு அளவு. செய்நிரலுக்கோ ஒரு காட்சியை வரையப் பெரும்பாலும் ஒரு செக்கனின் அறுபதில் ஒரு பங்கே அளவு.

இக்கல்வி நம் வாயிலுக்கும் வந்துள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 1997இல் அமைந்தது. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. மன்னார்ப் பிள்ளைகளுக்கு அது தொலைவன்று. கணினிக் கல்வியும் அங்கே உண்டு. கற்றதைக் கொண்டு அவர்கள் எதைச் செய்யலாம்?

அரிப்புக் கரையிலே தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டிய 'டோரிக்' மாளிகை இடிந்து நிற்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய எழுந்த அக்கட்டடத்தைக் கடல் அரித்துவருகிறது. எஞ்சிய சுவரை முழம் முழமாய் அளந்து ஆள்கூறுகளாக்கினால், சலாபக் காலத்து ஆரவாரத்தையும் தோணி வரிசையையும் பார்களின் ஆழத்தையும் திரையில் மீண்டும் எழுப்பலாம். நம் குழந்தைகள் அதனுள் நடந்து பார்க்கலாம். விளையாடியே வரலாறு கற்கலாம்.

ஆனால், நேயர்களே, ஒன்றை மறத்தலாகாது. அளவாதபடி வீழ்ந்த சுவரை எந்தக் கணினியும் உள்ளவாறே மீட்டுத் தராது. ஊகித்து வரைவது ஓவியம், வரலாறு அன்று. கற்பனை காத்திருக்கும், கடல் காத்திருக்காது. செய்நிரல் எழுதக் கற்கும் இளைஞர் முதலில் அளவுநாடாவுடன் அரிப்புக்குச் செல்லட்டும்.